யூபிஎஸ் கருவி: மின்தடையின்போது அது எதைக் காக்கும், எதைக் காக்காது

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, புதன்கிழமை, மொன்றியலில் உறைமழை பெய்தது. நிலத்தையும் மரத்தையும் தொட்டவுடன் பனிக்கட்டியாகிவிடும் மழை அது. பாரம் தாங்காது முறிந்த கிளைகள் மின்கம்பிகளின்மேல் வீழ்ந்தன. உச்சவேளையில் 11 இலட்சம் ஹைட்ரோ-கியூபெக் வாடிக்கையாளர்கள் மின்சாரமின்றி இருந்தனர். வாடிக்கையாளர் என்பது ஒரு மின்மானியைக் குறிக்குமேயன்றி ஓர் ஆளைக் குறிக்காது. ஆகவே பாதிக்கப்பட்ட மக்களின் தொகை இதனினும் பெரிது. பலருக்குச் சில மணித்தியாலங்களில் மின்சாரம் மீண்டது. சிலருக்கு உயிர்த்த ஞாயிறு கழியும்வரை மீளவில்லை.

இந்நகரில் நெடுங்காலம் வாழ்பவர்களுக்கு இது முதல் அனுபவம் அன்று. 1989 மார்ச் 13ஆம் திகதி அதிகாலையில், சூரியனிலிருந்து எழுந்த காந்தப் புயலொன்றினால் கியூபெக்கின் மின்வலையமைப்பு ஏறத்தாழ 90 செக்கன்களில் வீழ்ந்தது. 60 இலட்சம் மக்கள் 9 மணித்தியாலம் வரை இருளில் இருந்தனர். 1998 ஜனவரியில் பெய்த பெரும் உறைமழையில் உருக்குக் கோபுரங்களே சரிந்தன. அவ்வாண்டு ஜனவரி 9ஆம் திகதி மொன்றியலின் குடிநீர் நிலையங்களுக்கும் மின்சாரம் அற்றுப்போனமையால், நகரம் முழுவதும் நீரின்றிப் போகும் விளிம்பில் நின்றது. சென்-இயாசந்த், கிரான்பி, சென்-ஜோன்-சூர்-ரிஷெலியூ ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதி ‘இருள் முக்கோணம்’ என்றே பெயர் பெற்றது. அங்கே சில வீடுகளுக்கு ஒரு மாதத்தின் பின்னரே வெளிச்சம் வந்தது.

மின்தடை நமக்குப் புதிதா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்வியே. 1990க்குப் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றியே இயங்கிற்று. குப்பி விளக்கிலும் ஜாம் போத்தல் விளக்கிலும் படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் இக்கையேட்டின் வாசகர்களுள் இருக்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அங்கு நாள்தோறும் மின்வெட்டு நிலவிய ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கி, அதன் பற்றரிக்கு வடிநீர் ஊற்றிப் பராமரித்ததை மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அங்கே கிணறும் விறகடுப்பும் திறந்த சாளரமும் இருந்தன. இங்கோ வீட்டின் வெப்பம், அடுப்பு, மின்தூக்கி, வாசற்கதவு, தொலைபேசி ஆகிய யாவும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அக்கம்பி அறுபடுகிறது.

ஒவ்வொரு பெரிய மின்தடைக்குப் பின்னரும் கடைகளில் யூபிஎஸ் கருவிகள் விரைவாக விற்றுத் தீர்கின்றன. வாங்குபவர் பலர், அதை வீட்டுக்கு மின்சாரம் தரும் சிறு இயந்திரம் என எண்ணி வாங்குகின்றனர். அது அப்படிப்பட்டதன்று. யூபிஎஸ் நமக்குத் தருவது நிமிடங்கள் மட்டுமே. அந்த நிமிடங்கள் எதற்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தவருக்கு அது பயன்தரும். ஏனையோருக்கு அது மேசையின் கீழிருந்து ஓயாது கூவும் ஒரு பாரமான பெட்டியாகவே முடியும்.

கருவியினுள் நடப்பது

யூபிஎஸ் என்பதைத் தமிழில் தடையற்ற மின்வழங்கி எனலாம். அதனுள்ளே ஒரு மின்கலம், அதாவது பற்றரி, இருக்கிறது. சுவரிலிருந்து வருவது 120 வோல்ட் அழுத்தமுள்ள ஆடலோட்ட மின்சாரம். அது செக்கனுக்கு 60 முறை திசைமாறிச் சுழல்கிறது. மின்கலம் தருவதோ நேரோட்ட மின்சாரம். சுவர் மின்சாரம் இருக்கும்வரை கருவி மின்கலத்துக்கு மின்னேற்றி நிரம்பிய நிலையில் வைத்திருக்கும். சுவர் மின்சாரம் அறுந்ததும், மின்கலத்தின் நேரோட்டத்தை மீண்டும் ஆடலோட்டமாக மாற்றிக் கொடுக்கும்.

மாற்றம் நிகழும் கணம் முக்கியமானது. எளிய கருவிகளில் அது 4 முதல் 10 மில்லிசெக்கன் வரை நீடிக்கும். ஆடலோட்டத்தின் ஒரு முழுச் சுழற்சிக்கே ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் ஆகும். ஒரு சாதாரண கணினியின் உட்புற மின்பகுதி அவ்வளவு நேர இடைவெளியைத் தன்னிடம் சேமித்துள்ள ஆற்றலினால் தாங்கிக்கொள்ளும். ஆகவே கணினி அணைவதில்லை. பயனாளர் அந்த மாற்றத்தை உணர்வதுமில்லை. நம்மூர் இன்வெர்ட்டர்கள் பலவற்றுக்கு இம்மாற்றம் செய்ய இதனினும் கூடுதலான நேரம் பிடித்தது. மின்விசிறியும் மின்குமிழும் ஒருகணம் மங்கி எரிவது குற்றமன்று என்பதால் அங்கே அது போதுமானதாயிருந்தது.

கடைகளில் மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, மின்சாரம் அறும்வரை வாளாவிருந்து, அறுந்தபின் விழித்தெழும் காத்திருப்பு வகை. விலை குறைந்தது, மோடத்துக்கும் தொலைபேசிக்கும் இதுவே போதும். இரண்டாவது, மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ மின்கலத்தைத் தொடாமலேயே அதைச் சீர்செய்யும் வகை. மின்குமிழ்கள் அடிக்கடி மங்கி ஒளிரும் பழைய கட்டடங்களில் வாழ்வோருக்கு இது உகந்தது; முதல்வகைக் கருவி அங்கே சிறு தாழ்வுக்கெல்லாம் மின்கலத்துக்குத் தாவி அதன் ஆயுளைக் கரைத்துவிடும். மூன்றாவது, எல்லா மின்சாரத்தையும் இடைவிடாது இருமுறை மாற்றி வழங்கும் வகை. அதில் மாற்ற இடைவெளியே இல்லை. மருத்துவமனைகளுக்கும் தரவு நிலையங்களுக்கும் உரியது அது. விலையும் வெப்பமும் விசிறி ஓசையும் மிகுந்ததாகையால் வீட்டுக்கு அரிதாகவே தேவைப்படும்.

இன்னொரு வேறுபாடு பெட்டியின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். மின்கலத்தில் இயங்கும்போது கருவி தரும் அலையின் வடிவம் அது. விலை குறைந்தவை படிப்படியாக ஏறியிறங்கும் போலி அலையைத் தருகின்றன. விலை கூடியவை, சுவர் மின்சாரத்தைப் போன்ற தூய சைன் அலையைத் தருகின்றன. மோடத்துக்கு இது பொருட்டன்று. மோட்டார் உள்ள கருவிகளும், உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவிகள் சிலவும், புதிய மேசைக்கணினிகள் சிலவும் போலி அலையில் சூடேறலாம், முனகலாம், அல்லது அணைந்துபோகலாம்.

எத்தனை நிமிடம்?

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் வோல்ட்-அம்பியர் அளவாகும். 600 என்று எழுதியிருந்தால் அது 600 வாட் எனக் கொள்ளற்க. அதே கருவியின் வாட் அளவு 330 முதல் 360க்குள் இருப்பதே வழக்கம். இணைக்கும் கருவிகளின் மொத்த வாட் அளவு இந்தச் சிறிய எண்ணைத் தாண்டலாகாது. தாண்டினால் கருவி உடனே தன்னை அணைத்துக்கொள்ளும்.

ஆனால் இவ்விரண்டு எண்களும், கருவி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையே சொல்கின்றன. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. அதை மின்கலமே தீர்மானிக்கிறது. இவ்வளவிலான வீட்டுக் கருவிகள் பலவற்றில் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி கொண்ட ஈய-அமில மின்கலம் ஒன்றுதான் உள்ளது. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. ஒரு வீட்டின் மோடம், ரவுட்டர், தொலைபேசித் தளம் ஆகிய மூன்றும் சேர்ந்து 25 வாட் அளவு கொள்ளும் எனில், கணக்குப்படி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கிடைக்கவேண்டும். மாற்றத்தின்போது விரயமாவதையும் கருவி தானே உண்பதையும் கழித்தால், ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் எனக் கொள்வது விவேகம். 150 வாட் கொள்ளும் மேசைக்கணினியையும் திரையையும் இணைத்தாலோ, ஆவணத்தைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கும் நேரம் மட்டுமே கைக்கு வரும். விரைவாக வெளியேற்றும்போது ஈய-அமில மின்கலம் தன் முழு ஆற்றலையும் தருவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இதே கணக்கை வெப்பமூட்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீடுகளின் சுவரடியில் உள்ள மின்வெப்பமூட்டி ஒன்று 1500 வாட் கொள்ளக்கூடியது. 84 வாட்-மணியை அதற்குக் கொடுத்தால் மூன்றரை நிமிடங்கூட எரியாது. இந்தக் கருவி அந்தப் பாரத்தைத் தாங்கவும் மாட்டாது. யூபிஎஸ் வீட்டைச் சூடாக்கும் என்ற எண்ணத்தை இவ்வொரு வகுத்தலே தீர்த்துவைக்கும்.

ஆகவே நிமிடங்களைப் பங்கிட்டுச் செலவிட வேண்டும். சில கருவிகள், சுவர் மின்சாரம் இல்லாதபோதும் பொத்தானை அழுத்தி மீள இயக்கக்கூடியவை. சிலவற்றில் இது இயலாது. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் நன்று. அவ்வசதி இருப்பின், மின்தடை தொடங்கியதும் தேவையான செய்தியை அனுப்பிவிட்டுக் கருவியை அணைத்துவைக்கலாம். மாலையில் பத்து நிமிடம் இயக்கி உறவினரை அழைத்து மீண்டும் அணைக்கலாம். இவ்வாறு இரண்டு மணித்தியாலக் கருவி இரண்டு நாட்களுக்கு உதவும். கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற மட்டும் தேவையெனில் யூபிஎஸ் எதற்கு? சிறிய மின்சேமிப்புப் பொதி ஒன்றே மலிவானதும் சிக்கனமானதுமாகும்.

பின்புறத்தில் உள்ள இரு வரிசைகள்

பெரும்பாலான வீட்டுக் கருவிகளின் செருகுவாய்கள் இரு வரிசைகளாக உள்ளன. ஒரு வரிசை மின்கலத்தோடு இணைந்தது. மற்றது மின்பாய்ச்சலிலிருந்து, அதாவது மின்னழுத்தம் திடீரெனப் பன்மடங்கு உயர்வதிலிருந்து, காப்பளிப்பது மட்டுமே; மின்சாரம் அறுந்தால் அவ்வரிசையும் அறுந்துவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரேமாதிரியானவை. எழுத்தைப் படித்தாலன்றி வேறுபாடு தெரியாது. இதை எழுதுபவர் 2023 ஏப்ரலில் தம் வீட்டில் இருட்டில் நின்று, கருவி கூவிக்கொண்டிருக்க மோடம் மட்டும் ஏன் அணைந்தது என வெகுநேரம் வியந்தார். மோடம் இரண்டாவது வரிசையில் செருகப்பட்டிருந்தது. மின்கல வரிசையில் ஓர் அச்சுப்பொறி கம்பீரமாக அமர்ந்திருந்தது. ஒப்பந்தங்களைச் சிறிய எழுத்துவரை படிக்கப் பயின்ற ஒருவர், தம் மேசையின் கீழிருந்த நான்கு சொற்களைப் படிக்கவில்லை.

மின்பாய்ச்சற் காப்பின் அளவு ஜூல் என்னும் அலகில் தரப்படும். எண் கூடுதலாயின் காப்பும் கூடும். அது தேய்ந்து தீரும் இயல்புடையது; ஒவ்வொரு பாய்ச்சலையும் விழுங்கும்போது சிறிது வலுவிழக்கிறது. மின்சாரம் மீளும் தறுவாயில் அழுத்தம் நிலையின்றி இருக்கக்கூடும். ஆகவே காப்பில்லாத மின்னணுக் கருவிகளின் செருகிகளை மின்தடையின்போதே கழற்றிவைத்து, மின்சாரம் மீண்டு சிறிது நேரம் கழிந்தபின் ஒவ்வொன்றாக இணைப்பது நல்லது. வெப்பமூட்டிகளையும் அவ்வாறே படிப்படியாகக் கூட்டவேண்டும். எல்லா வீடுகளும் ஒரே கணத்தில் முழு வெப்பத்தைக் கோரினால் வலையமைப்பு மீண்டும் தளர்ந்துவிடும்.

தொலைபேசியும் 911ம்

யூபிஎஸ் ஒன்று வீட்டில் இருக்கவேண்டியதற்கு எம் கருத்தில் முதற்காரணம் கணினியன்று, தொலைபேசியே. முன்னாளில் செப்புக்கம்பி வழியே வந்த வீட்டுத் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரத்தைத் தொலைபேசி நிலையமே அதே கம்பியில் அனுப்பிவந்தது. நிலையத்தில் பெரிய மின்கலங்கள் இருந்தன. வீடு இருண்டாலும் தொலைபேசி ஒலித்தது. இன்று பெரும்பாலான வீட்டுத் தொலைபேசிகள் இணைய மோடத்தின் வழியே இயங்குகின்றன. மோடம் அணைந்தால் தொலைபேசியும் அணையும். 911ஐ அழைக்கவும் இயலாது. தொலைபேசி அதே மேசையில், அதே எண்ணோடு இருப்பதால், இம்மாற்றம் நிகழ்ந்ததை நம் முதியவர்கள் பலர் அறியார். பெற்றோர் தனியே வாழும் வீடுகளில் இதனைப் பிள்ளைகள் ஒருமுறை சென்று சோதித்தல் வேண்டும். மோடத்தின் செருகியைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தால் விடை கிடைத்துவிடும். அழுத்தியதும் உதவியாளரை அழைக்கும் கழுத்துப் பொத்தான்களும் இவ்வாறே வீட்டு இணைப்பை நம்பியிருக்கலாம்.

மோடத்தை யூபிஎஸ்ஸில் இணைத்தபின்னரும் இணையம் வருமா என்பது, வெளியே உள்ள கம்பியின் வகையைப் பொறுத்தது. வீடுவரை ஒளியிழை வருமாயின், வழியில் மின்சாரம் தேவைப்படும் கருவிகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே வாய்ப்பு நல்லது. ஒளியிழையை முடித்துவைக்கும் சிறு பெட்டி தனியாக இருந்தால் அதனையும் மின்கல வரிசையில் செருக வேண்டும். தொலைக்காட்சிக் கம்பி வழியே வரும் இணையத்துக்குத் தெருவிலுள்ள பெருக்கிகள் தேவை. அவற்றின் மின்கலங்கள் சில மணித்தியாலமே தாங்கும். அடுக்குமாடிகளில் நிலக்கீழ் அறையிலுள்ள கருவிகளும் இயங்கவேண்டும். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் என்றென்றும் தாங்குபவையல்ல. ஆகவே ஒரேயொரு வழியை நம்பியிருப்பது தகாது. வீட்டுத் தொலைபேசி, கைத்தொலைபேசி ஆகிய இரண்டும் இருப்பின், அவை வெவ்வேறு நிறுவனங்களைச் சார்ந்திருப்பது நன்மை தரும்.

மூச்சுக்கு மின்சாரம் தேவைப்படுவோர்

இப்பகுதியை ஆறுதலாகப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவி, ஈரமூட்டியும் சூடேற்றும் குழாயும் அணைக்கப்பட்டிருந்தால் 30 முதல் 60 வாட் அளவே கொள்ளும். அவற்றை இயக்கினால் தேவை வெகுவாக உயரும். இரவு முழுவதற்கும் 84 வாட்-மணி போதாது. இக்கருவிகளுக்கென்றே தயாரிக்கப்படும் நேரோட்ட மின்கலங்கள் உண்டு. மின்சாரத்தை இருமுறை மாற்றும் விரயம் அவற்றில் இல்லை. கருவியை வழங்கியவரிடம் அதனைக் கேட்பதே முறை.

வீட்டில் நிலையாக வைக்கும் ஒட்சிசன் செறிவாக்கி ஏறத்தாழ 300 வாட் அல்லது அதற்கு மேலும் கொள்ளும். சாதாரண யூபிஎஸ்ஸில் அது சில நிமிடங்களே இயங்கும், அதுவும் அதன் மோட்டார் தொடங்கும் வேகத்தைக் கருவி தாங்கினால். இங்கே யூபிஎஸ்ஸின் பணி ஒன்றே: நோயாளியை ஒட்சிசன் உருளைக்கு மாற்றும்வரை இடைவெளியை நிரப்புவது. உருளை வீட்டில் இருக்கிறதா, அது எத்தனை மணித்தியாலம் வரும், அதனைத் திறக்க வீட்டார் எத்தனை பேருக்குத் தெரியும் என்பனவே முதன்மையான கேள்விகள். மருத்துவரிடமும், உங்கள் பகுதிச் சமூக சுகாதார நிலையமாகிய சி.எல்.எஸ்.சி.யிடமும் இவற்றை மின்சாரம் இருக்கும் நாளிலேயே பேசி, திட்டத்தை எழுத்தில் பெற்று, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தல் வேண்டும். உடல்நிலை குறித்த அவசரமற்ற ஐயங்களுக்கு 811. மூச்சுத் திணறலுக்கு 911.

இணைக்கக்கூடாதவை

வெப்பம் உண்டாக்கும் எதையும் இணைக்கலாகாது. நீர்கொதிகலன், சோறாக்கும் குக்கர், முடியுலர்த்தி, லேசர் அச்சுப்பொறி ஆகியவை அனைத்தும் இதில் அடங்கும். குளிர்சாதனப் பெட்டியை இணைப்பதிலும் பயனில்லை. அதன் கதவைத் திறவாது வைத்திருந்தால் உணவு ஏறத்தாழ 4 மணித்தியாலமும், நிரம்பிய உறைபெட்டியில் உள்ளவை 48 மணித்தியாலம் வரையும் தாங்கும். கதவை மூடிவைப்பதே அங்கு காப்பு. யூபிஎஸ்ஸோடு பலவாய் நீட்டிப்பலகையைத் தொடுப்பதும், ஒரு யூபிஎஸ்ஸில் இன்னொன்றைச் செருகுவதும் தீ அபாயம் கொண்டவை.

நிலக்கீழ் அறையின் நீரிறைக்கும் பம்பு குறித்துப் பலர் கேட்கின்றனர். 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி டெபி புயலின் எச்சம் மொன்றியலில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டரை ஒட்டிய மழையைக் கொட்டியபோது, வெள்ளமும் மின்தடையும் ஒருங்கே வந்தன. பம்பின் மோட்டார் தொடங்கும்போது இயங்கும் அளவினும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; கணினிக்கான யூபிஎஸ் அதனைத் தாங்காது. பம்புக்கென்றே தனி மின்கல அமைப்புகள் விற்கப்படுகின்றன. நிலக்கீழ் அறையில் குடியிருப்போர் அது பொருத்தப்பட்டுள்ளதா என வீட்டு உரிமையாளரிடம் வினவலாம்.

இணைப்புக் குறித்த இப்பகுதியிலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டியுள்ளது, அது யூபிஎஸ் பற்றியதன்று எனினும். 1998இலும் 2023இலும் மின்தடைக் காலத்தில் மக்கள் காபன் மொனொக்சைட்டு வாயுவினால் உயிரிழந்தனர். மின்பிறப்பாக்கியை வாகனக் கூடத்தில் இயக்குவதும், கரியடுப்பையோ வெளியே பயன்படுத்தும் வாயு அடுப்பையோ உள்ளே கொணர்ந்து குளிர்காய்வதும் அதற்குக் காரணங்கள். அவ்வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் காய்ச்சல் போலவே தோன்றும். நம் வீடுகளில் பெரிய குடும்பச் சமையலுக்கென மாடத்தில் வைத்திருக்கும் வாயு அடுப்பை, குளிர் தாங்காத முதியவருக்காக உள்ளே எடுத்துவரும் எண்ணம் எவருக்கும் எழக்கூடும். எந்நிலையிலும் அதைச் செய்யலாகாது. சுவரில் மட்டும் செருகி இயங்கும் வாயு அறிகருவி மின்தடையில் ஊமையாகிவிடும். மின்கலமும் உள்ள அறிகருவியே வேண்டும். வீடு குளிர்ந்துவிட்டால் 311ஐ அழைத்து, அண்மையில் திறக்கப்பட்டுள்ள வெப்ப நிலையம் எது எனக் கேட்கலாம். மின்தடையை ஹைட்ரோ-கியூபெக்குக்கு அறிவிக்கும் எண் 1 800 790-2424.

சுவர், பற்றுச்சீட்டு, சட்டம்

யூபிஎஸ் மூன்று முனைச் செருகியோடு வருகிறது. மூன்றாவது முனை நிலத்தொடுப்புக்குரியது. பார்க் எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளின் பழைய கட்டடங்களில் இரு துளைச் செருகுவாய்கள் இன்னும் உள்ளன. மூன்றை இரண்டாக்கும் சிறு இணைப்பியைப் பயன்படுத்தினால் கருவி இயங்குவதுபோல் தோன்றும்; ஆனால் மின்பாய்ச்சலை நிலத்துக்கு அனுப்பும் வழி இராது, காப்பும் இராது. பல கருவிகளில் இதற்கென ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. அது எரிந்தால், வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளல் வேண்டும். கியூபெக்கில் மின்னிணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யலாம். கைராசியுள்ள உறவினர் செய்யக்கூடாது.

மின்தடையால் கருவியொன்று கருகிவிட்டால் ஹைட்ரோ-கியூபெக் ஈடுசெய்யுமா? மின்வழங்கலின் தொடர்ச்சிக்கும் அழுத்தத்தின் நிலைபேற்றுக்கும் தான் உத்தரவாதம் அளிப்பதில்லை என அந்நிறுவனத்தின் சேவை நிபந்தனைகள் கூறுகின்றன. இயற்கைச் சீற்றத்தால் வந்த சேதத்துக்கு ஈடு பெறுவது கடினம் எனக் கொண்டு, வீட்டுக் காப்புறுதியின் விதிகளைப் பார்த்துவைப்பது நல்லது. யூபிஎஸ் உற்பத்தியாளர் சிலர், தம் கருவியில் இணைத்த பொருள் மின்பாய்ச்சலால் பழுதுற்றால் பெருந்தொகை தருவதாகப் பெட்டியில் அச்சிடுகின்றனர். அதன் நிபந்தனைகளைப் படித்தால், நேரே நிலத்தொடுப்புள்ள சுவர்ச் செருகுவாயில் இணைத்திருக்க வேண்டும், குறித்த நாட்களுக்குள் பதிவுசெய்திருக்க வேண்டும், நீட்டிப்புக் கம்பி இருந்திருக்கலாகாது என்பன போன்றவை காணப்படும். வாங்கிய அன்றே பற்றுச்சீட்டைப் படம்பிடித்து வைப்பவருக்கே அவ்வாக்குறுதியால் பயன் உண்டு.

ஆயினும் அச்சிட்ட உத்தரவாதம் முடிந்ததோடு எல்லாம் முடிந்ததென எண்ணவேண்டாம். கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம், 38ஆம் பிரிவுகளின்படி, விற்கப்படும் பொருள் அதன் வழமையான பயன்பாட்டுக்குத் தகுந்ததாகவும், விலைக்கும் பயன்பாட்டு முறைக்கும் ஏற்ற நியாயமான காலம் உழைப்பதாகவும் இருத்தல் வேண்டும். இது பணம் கொடாமலே எல்லோருக்கும் உரிய சட்டபூர்வ உத்தரவாதம். நீடித்த உத்தரவாதத்தை விற்க முனையும் வணிகர் இதனைப் பற்றி முதலில் உங்களுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். முறையாகப் பயன்படுத்திய யூபிஎஸ்ஸின் மின்சுற்று இரண்டாம் ஆண்டிலேயே செயலிழந்தால் வணிகரிடமோ உற்பத்தியாளரிடமோ கோரிக்கை வைக்கலாம். மின்கலம் நான்காம் ஆண்டில் வலுவிழந்தால் அது இயல்பான தேய்வாகும்.

வாங்கும்போது கனடாவுக்குரிய பாதுகாப்புச் சான்றின் குறி, சி.எஸ்.ஏ. போன்றது, கருவியின் உடலிலேயே உள்ளதா எனப் பார்க்கவேண்டும். இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் அது இருப்பதில்லை.

மின்கலத்தின் ஆயுள்

ஈய-அமில மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கிறது. ஆகவே சுவரடி வெப்பமூட்டியின் அருகில் வைக்கலாகாது. கடுங்குளிர் அதன் தற்காலிக வலுவைக் குறைக்கிறது. வெப்பமற்ற வாகனக் கூடத்தில் குளிர்காலம் முழுவதும் கிடந்த கருவி, தேவைப்படும் நாளில் பாதி நேரமே தாங்கக்கூடும். பயன்படுத்தாது வைத்திருப்பவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் சுவரில் இணைத்து மின்னேற்ற வேண்டும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிறன்று, புகை அறிகருவியைச் சோதிக்கும் கையோடு யூபிஎஸ்ஸின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கலாம். மின்கலத்தை வீட்டிலேயே மாற்றக்கூடிய கருவியைத் தெரிந்தெடுப்பது செலவைக் குறைக்கும். மாற்ற முடியாதவற்றில் மின்கலம் தீர்ந்ததும் முழுக் கருவியுமே குப்பையாகிறது.

மின்தடை இல்லாத நாளிலும் கருவி விட்டுவிட்டுக் கூவினால், மின்கலம் முடிவை நெருங்கியதென்பதே பெரும்பாலும் பொருள். எரிச்சலில் ஒலியை அணைத்துவிட்டு மறந்துவிடுவோர் பலர். அழுகிய முட்டையின் மணம் வந்தாலோ, பெட்டி உப்பியிருந்தாலோ, கருவியை அணைத்துச் செருகியைக் கழற்றி, அறைச் சாளரத்தைத் திறந்துவிட வேண்டும். மின்கலத்தைத் துளைக்கவோ பிளக்கவோ கூடாது. பழைய மின்கலம் ஈயமும் அமிலமும் கொண்டது. அதனைக் குப்பைப் பையிலோ மீள்சுழற்சித் தொட்டியிலோ இடலாகாது. கோட்-டே-நேஜ், அக்காடி, லசால் முதலிய இடங்களிலுள்ள நகரின் எக்கோசாந்த்ர் நிலையங்களில் வீட்டு அபாயக் கழிவுகள் பெறப்படுகின்றன. செல்லும்போது மொன்றியலில் வசிப்பதற்கான சான்றைக் கொண்டு செல்லவும்; திறந்திருக்கும் நேரத்தை 311இல் கேட்டறியலாம்.